டப்பாக்களுக்கு அடியில் கிடந்த மூடி

விடியும் முன்பே அடுகோடியில் இருக்கும் அந்தச் சோதனைக்கூடத்தில் பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். கியர் போடத் தேவையில்லாத ஸ்கூட்டருக்குள் இருக்குமே, அந்த ரப்பர் பெல்ட். இரண்டு புல்லிச் சக்கரங்களுக்கு நடுவே அது எவ்வளவு துடிக்கிறது என்று அளப்பதுதான் இங்கே தொழில். காந்தும் ரப்பரின் நெடி தொண்டையில் இறங்கும். அதிர்வு கடைவாய்ப் பல்வரை ஏறும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் உதவியாள் சோனியா பெல்ட்டில் வெள்ளைப் பெயின்ட் தீட்டுவாள். அளக்கிற லேசருக்குக் கறுப்பு பிடிக்காது. பெல்ட்டை மறைத்து ஆளைக் காக்கிற இரும்பு மூடியும் பிடிக்காது. ஆகவே மூடி கழற்றப்பட்டு, சுவரோரமாகத் தொழிலாளர்களின் சாப்பாட்டு டப்பாக்களைச் சுமந்துகொண்டிருந்தது. கழற்றச் சொன்னவள் இன்ஜினியர் ஜெயலட்சுமி. டப்பா வைத்தது எல்லோரும்.

போன வாரம் பெல்ட் அறுந்து ஆபரேட்டர் கிளிஃபர்டின் இடது கண்ணில் அடித்தது. இனி அதில் நிழல் மட்டும்தான் தெரியுமாம்.

முதலாளி ரகுராமை முதலாளி என்றால் அவருக்கு வருத்தம். இது கம்பெனி அல்ல, குடும்பம் என்பார். குடும்பத்தில் ஒருவருக்குக் கண் போனதும் அவர் செய்த முதல் காரியம், வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம். ஜெயலட்சுமி அருமையாக விளக்கினாள். பெல்ட் வீணைத் தந்தி மாதிரி. அதன் சொந்தத் துடிப்பும் மோட்டாரின் உதைப்பும் ஒரு வேகத்தில் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். கைதட்டினார்கள். கடைசியில் ரகுராம் சேர்க்கச் சொன்ன ஒரு வரி: ஆபரேட்டர் நிற்கக்கூடாத இடத்தில் நின்றிருந்தார். அதையும் அவள் அதே குரலில் வாசித்தாள். டீ கொண்டுவந்த சோனியாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

கிளிஃபர்டை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் விடியலில் அவருடைய இடத்துக்கு அய்யாவு வந்தார். சோனியா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"மேடம், கிளிஃபர்ட் அங்கிள் நின்ன எடம் தப்புன்னீங்க. சரியான எடத்தக் காட்டுங்க. அய்யாவு அண்ணன் நிக்கணும்."

தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. ஆபரேட்டர் நிற்க வேண்டிய இடம். ஒட்டியவள் ஜெயலட்சுமி. அவளுக்குக் காதுமடல் சுட்டது. மூடியில் கெட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்தால் லேசர் உள்ளே பார்க்கும். மூடியைக் கழற்றும் முன்பு, வேலை தள்ளிப்போகும் என்று ரகுராம் அதை வேண்டாமென்றபோது அவளும் தலையாட்டியிருந்தாள்.

சோனியா காத்திருக்கவில்லை. "எங்களுக்கும்தான் வெக்கமில்ல. அதும்மேலயே சோத்த வெச்சுக்கிட்டிருந்தோம்" என்றபடி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். அய்யாவு மற்றவர்களோடு சேர்ந்து மூடியைத் தூக்கிவந்து பொருத்தினார். போல்ட்டுகள் ஜெயலட்சுமியின் மேசை டிராயரில் இருந்தன. எடுத்துவந்து கொடுத்தாள்.

ரகுராம் வந்தபோது லேசர் மூடியின்மேல் விழுந்துகொண்டிருந்தது. திரையில் நேர்க்கோடு.

"என்னய்யா, ரீடிங்கே வரல?"

"மூடி ஆடல சார், அதான்" என்றார் அய்யாவு.

யார் மாட்டச் சொன்னது என்று ரகுராம் கேட்டார். ஜெயலட்சுமி பேசினாள்; கூட்டத்தில் வாசித்த குரலாக அது இல்லை.

"கழட்டச் சொன்னது நான் சார். கிளிஃபர்ட் நின்னது நான் காட்டின எடத்துல. நான் வாசிச்சது பொய். கஸ்டமருங்ககிட்டயும் சொல்லப்போறேன்."

குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் ரகுராம், குரலைத் தாழ்த்தி.

"அங்கிளும் குடும்பம்தான சார்? அவர் வரட்டும், மூடிக்குக் கண்ணாடி ஜன்னலும் வரட்டும். அப்புறம் ஓட்டுறோம்" என்றாள் சோனியா.

ரகுராம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வக்கீலுக்கோ, வேறு ஆள் பிடிக்கவோ. மோட்டாரை யாரும் தொடவில்லை.

மதியம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். ஜெயலட்சுமி தன் டப்பாவோடு வந்து தயங்கி நின்றாள். சோனியா அவள் முகத்தைப் பார்க்காமலே சற்று நகர்ந்து இடம் விட்டாள்.