எட்டாம் நம்பர் கதவு

எட்டாம் நம்பர் கதவு விழுந்தபோது பிலோமி மானேஜருக்கு ஒரு டிரங்க் காலைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவு என்று அவள் சொல்வது தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய பித்தளைத் தகட்டை. கம்பெனியின் டெலிபோன் பலகை முழுக்க வரிசையாக அப்படித் தகடுகள். யாராவது தங்கள் போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய எண்ணுள்ள தகடு டிக்கென்று முன்னால் விழும். அதன் கீழிருக்கும் துளையில் கயிற்றைச் செருகி "எக்சேஞ்ச்" என்பாள். எட்டில் மட்டும் செருகினால் யாரும் பேசமாட்டார்கள். அதன் மறுமுனையில் போனே கிடையாது.

அங்கே ஒரு செப்புப் பந்துதான் இருந்தது. கம்பெனி இருக்கும் எர்ணாவூரிலிருந்து வெகுதூரம் தள்ளி, எண்ணூர் முகத்துவாரத்தில் கம்பெனிக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸின் கிணற்றில் அது மிதந்தது. தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கும், ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொடும், இங்கே பிலோமியின் முகத்துக்கு நேரே கதவு விழும். கருவிகளைப் பழுதுபார்க்கும் லியோனார்ட் செய்தது. ராயபுரத்தில் இடித்த ஒரு பழைய பங்களாவின் கக்கூஸ் தொட்டியிலிருந்து பந்தைக் கழற்றி வந்ததாக மானேஜரிடமே சொன்னான். மானேஜர் அதைக் கையில் வாங்கவில்லை.

பிலோமிக்கு அதைவிட அழகான ஒன்று அந்தக் கம்பெனியில் இருப்பதாகத் தோன்றியதில்லை. உப்பளங்களைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, மீன்கொத்தி உட்காரும் கம்பங்களின் மேலே இரண்டு மெல்லிய கம்பிகள் வந்தன. தனக்குக் குறைகிறது என்பதைத் தண்ணீர் தானே சொல்லியனுப்புகிறது. அழைப்பு இல்லாத பொழுதுகளில் எட்டில் கயிற்றைச் செருகிக் கேட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல ஒரு சன்னமான சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் கடல் இல்லை, பம்ப் இல்லை. ஆனாலும் அவள் அங்கே போய்விட்டு வந்ததுபோல இருக்கும்.

மழை மாதங்களில்தான் எட்டின் பேர் கெட்டது. உப்புக்காற்றும் ஈரமும் கம்பியின் இணைப்புகளில் ஏறிக்கொண்டு கதவைச் சும்மா சும்மா விழவைத்தன. ஒவ்வொரு முறையும் ரிப்பேர் ஷெட்டிலிருந்து ஒருத்தன் சைக்கிளில் நனைந்துகொண்டு போவான். பம்ப் ஹவுஸைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் எத்திராஜ் அவனுக்குக் கறுப்பு டீ போட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். கார்த்திகை முடிவதற்குள் ஷெட்டில் எட்டு என்றால் புளுகன் என்று ஒரு வசவாகிவிட்டது. மாமியார் செத்துவிட்டாள் என்று ஒருத்தன் லீவு கேட்டால், "போடா எட்டு" என்றார்கள். லியோனார்ட் ஒவ்வொரு கம்பமாக ஏறி இணைப்புகளைச் சுரண்டித் தார்த்துணி சுற்றினான். இனிமேல் பொய் சொல்லாது என்றான். ஆனாலும் சனிக்கிழமை அந்த வயரை அறுத்துவிடுவது என்று ஃபோர்மேன் வெள்ளத்துரை முடிவு செய்திருந்தார்.

இன்று வியாழன். மழை விட்டு நல்ல வெயில். லியோனார்ட் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக லீவில் இருந்தான்.

"சார், எட்டு" என்றாள் பிலோமி, ஷெட்டைக் கூப்பிட்டு.

"வெய்யிலு காயுது. இன்னிக்கு இன்னாவாம் அதுக்கு? சளி புட்ச்சுகிச்சா?" என்றார் வெள்ளத்துரை.

"ஒருத்தரை அனுப்பிப் பாருங்க சார்."

"சனிக்கிழமை வரிக்கும் ஆடிட்டுப் போவட்டும்மா."

வைத்துவிட்டார். அவள் தகட்டை விரலால் நிமிர்த்தினாள். விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள். மழையில் பொய்யாக விழுகிறபோது அது கொஞ்சம் நடுங்கும், நிமிர்த்தினால் சிறிது நேரமாவது நிற்கும். இன்று விரலை எடுத்த கணத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு கம்பி இன்னொரு கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று லியோனார்ட் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். மேல்தொட்டியில் இருப்பது கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். அதுவரை இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு கம்பெனியின் விஷ வாயுவைக் குளிரவைக்கும் குழாய்கள் காய்ந்து, மூட்டுகள் விட்டுப்போகும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கு வாயு போகும்.

மறுபடி ஷெட்டைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை எடுத்தது ஃபிட்டர் மஜீது. பின்னால் சாணைக்கல் அலறியது.

"பாய், எட்டு விழுந்துடுச்சு."

"இன்னாது?"

"எட்டு. எட்டு விழுந்துடுச்சு."

"எத்துவா? நம்ம எத்து வுழுந்துட்டானா?"

எத்திராஜை எல்லோரும் எத்து என்றுதான் கூப்பிடுவார்கள். இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். முகத்துக்கு நேரே தகடு தொங்கியது.

"ஆமா பாய். சீக்கிரம்."

ரிசீவர் வைக்கப்படவில்லை, கீழே போடப்பட்டது. சாணைக்கல் சத்தம் இறங்கி நின்றது. பேர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் கேட்டன, பிறகு யாரும் இல்லாத ஷெட்டின் சத்தம் மட்டும். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லாரி கிளம்புவதற்குள் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதி முகம் சவரம் செய்த ஒருத்தன், கையில் சோறு ஒட்டிய ஒருத்தன். வெள்ளத்துரையே கயிற்றுச் சுருளோடு முன்னால் ஓடினார். இத்தனை வேகம் அந்த உடம்புகளில் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கேட்டுக்கு வெளியே மீன் விற்றுக்கொண்டிருந்த புஷ்பவல்லியிடம் யாரோ குனிந்து ஏதோ சொன்னார்கள். எத்திராஜின் மனைவி. கூடையை அப்படியே விட்டுவிட்டு லாரியின் பின்பலகையைப் பிடித்து அவள் ஏறினாள். பிலோமி ஜன்னலிலிருந்து திரும்பினாள். பலகையில் வேறு கதவுகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து "எக்சேஞ்ச்" என்றாள்.

எத்திராஜ் விழவில்லை. மஜீது திரும்பி வந்து கூப்பிட்டுச் சொன்னான். கடலிலிருந்து ஜெல்லி மாதிரியான சொறிமீன் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்துக்குள் ஏறி, பம்ப் கிணற்றின் கம்பி வலையைக் குழம்புபோல மூடிக்கொண்டிருந்தது. எத்திராஜ் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று உடைந்த கூடையால் அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளுவதை நிறுத்தினால் வலை பிய்ந்துவிடும், போய்ச் சொல்ல வழியில்லை. தோலெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"எங்களைப் பாத்துட்டு, டீத்தூள் இல்லியே இத்தினி பேருக்கு, இன்றான். வரிசையா நின்னு கை மாத்திக் கை மாத்தி அள்னோம். தண்ணி ஏறிடுச்சு."

சாயங்காலம் ஷெட்டிலிருந்து வெள்ளத்துரை கூப்பிட்டார்.

"எட்டுன்னியா, எத்துன்னியா?"

"எட்டுன்னேன் சார். பாய் எத்துவான்னாரு. ஆமான்னேன்."

"எட்டுன்னு மட்டும் சொல்லிருந்தா?"

"முதல்ல அதான் சார் சொன்னேன். உங்ககிட்ட."

 அவர் வைத்துவிட்டார். சனிக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டியூட்டி முடிய இருந்தபோது புஷ்பவல்லி அறைக்குள் வந்தாள். புடவை முழங்கால் வரை சேறு. தலை அவிழ்ந்து காய்ந்துபோயிருந்தது.

"எம்புருசன் வுழுந்துட்டான்னு சொன்னது நீயா மே?"

"நான்தான்க்கா."

"லாரில வரச்சொல்லோ அவனுக்கு மாலை வாங்கி, பாடை கட்டி, எல்லாம் முட்ச்சுட்டேன் நானு. போய்ப் பாத்தா டீத்தூள் கேக்கறான்." உட்காரச் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாள். "இன்னொரு தபா அப்டி சொன்னே, நாக்க அறுத்து காக்காய்க்குப் போட்டுருவேன்."

"சொல்லமாட்டேன்க்கா."

புஷ்பவல்லி புடவைச் சேற்றை உதறினாள். "அந்தத் தனிக்காட்டுல கெடக்குறானே, செத்தாக்கூட ஒரு நாய் வராதுன்னு நென்ச்சுகினு இருந்தேன். வெள்ளத்துரை பேண்ட்டோட எறங்கறாரு மே தண்ணில." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "எது அந்த எட்டு?"

பிலோமி காட்டினாள். அவள் எழுந்து வந்து பலகையின் முன்னால் குனிந்தாள். கயிறுகளை, துளைகளை, வரிசையாக நிற்கும் பித்தளைத் தகடுகளைப் பார்த்தாள்.

"தண்ணி எறங்குனா இது வுழுமா? அங்கேருந்தா?"

"அங்கேருந்துதான்."

"நாளைக்கு வுழுந்தா இன்னான்னு சொல்லுவே?"

"எட்டுன்னுதான்."

"வருவானுங்களா?"

 புஷ்பவல்லி கட்டை விரலால் தகட்டைக் கீழே இழுத்துப் பார்த்தாள், மெல்ல நிமிர்த்தினாள். நின்றது. தூங்குகிற குழந்தையைத் தொட்டுவிட்டு எடுப்பதுபோல விரலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

எட்டு என்ற எண்ணின் மேல் அவள் விரலிலிருந்து ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. மேற்கு ஜன்னலின் வெயில் பலகை முழுக்கப் படிந்திருந்தது. பித்தளை எல்லாம் மங்கலாகத்தான் இருந்தது. அந்த ஒரு இடம் மட்டும் பளிச்சென்று, நிறம் மாறி மாறி, மினுங்கிக்கொண்டிருந்தது.