ஆதிரை இருந்த பகல்

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு ரெங்கத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது, சாலையைப் பார்த்தபடியே ஜீவன் சொன்னான்: "ஓவர்டைம் வேணான்னு அப்பவே சொன்னேன்ல."

அவன் மனைவி லோஷினி ஸ்கேன் கவரை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவள் குளுவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வயிற்றில் இருந்தது அவர்களுடைய முதல் குழந்தை. அதன் மூளை இரண்டாகப் பிரியவில்லை, பிறந்தாலும் தங்குவது கடினம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க ஜீவனுக்கு வாய் வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் அந்த வாரம் முழுக்க இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் நஜ்வா இருந்தார். தமிழ் பேசுபவர். லோஷினி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நான் பார்த்த வேலையாலயா டாக்டர்?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கரு ரொம்பச் சின்னதா இருக்கறப்ப எல்லா செல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதாம்மா. நீ மூளையாகு, நீ முதுகெலும்பாகுன்னு பக்கத்துல இருக்கற செல்லுங்கதான் சொல்லும். அதுக்குன்னு சில புரதங்கள அனுப்பும். மூளைக்கு அடியிலேர்ந்து ஒரு புரதம் வரணும். அது வந்தாதான் மூளை இடம் வலம்னு பிரியும், கண்ணும் ரெண்டா விலகும். உங்க குழந்தைக்கு அது போதுமான அளவு போய்ச் சேரல."

"ஏன் சேரல?" என்றான் ஜீவன்.

"சில பேருக்கு ஜீன்ல மாற்றம் இருக்கும். பல பேருக்கு எங்களாலயும் கண்டுபிடிக்க முடியறதில்ல. ஆனா இது நடந்தப்ப, குழந்தை உண்டானதே லோஷினிக்குத் தெரிஞ்சிருக்காது. அவங்க வேலைதான் காரணம்னு சொல்ல ஒண்ணும் இல்ல."

ஜீவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கார் நிறுத்துமிடத்தில் அவன் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நானும் என் வேலையாலதான்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் லோஷினி. "நீங்களும் அதையே சொன்னதும், நெசம்தான்னு ஆயிடுச்சு."

பிறகுதான் அவள் அழுதாள். அவன் அழவிட்டான்.

கருவைக் கலைப்பதா, பெற்றுக்கொள்வதா என்று முடிவெடுக்க நாள் கொடுத்தார்கள். லோஷினி பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். ஜீவனுக்குப் பயம்தான். ஆனாலும் இந்த முறை அவள் பேச்சுக்கு மறுபேச்சில்லை. இருவரின் இரத்தத்தையும் சோதித்தார்கள், எதுவும் அகப்படவில்லை.

பெண் குழந்தை ஒரு காலை வேளையில் பிறந்தது. கண்கள் நெருங்கி இருந்தன, மூக்கு சரியாக உருவாகவில்லை. ஜீவன் முதலில் பார்க்கத் தயங்கினான். லோஷினி துணியை விலக்கி ஒரு கையை எடுத்துக் காட்டினாள்.

"பாருங்க, வெரலெல்லாம் அழகாப் பிரிஞ்சிருக்கு."

அவன் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தான். நகம்கூட வளர்ந்திருந்தது. அதன்பின் குழந்தையை அவன் கீழே வைக்கவேயில்லை. பொழுது சாயும்வரை மாறி மாறி மடியில் வைத்திருந்தார்கள். லோஷினியின் மடியில்தான் மூச்சு நின்றது.

பதிவுக்குப் பெயர் வேண்டும் என்று நர்ஸ் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஆதிரை," என்றாள் லோஷினி.

ஜீவன் அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான். மலாய்க்கார நர்ஸுக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவன் எழுந்து போய், ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகச் சொன்னான்.