அந்த லீவரைத் தொடாதீர்கள்

1.

இந்தக் கதை ஒரு மஞ்சள் விளக்கில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. காரின் டாஷ்போர்டில் எரியும் விளக்கு. ஸ்டியரிங் படம், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. எழுத்தாளனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? வண்டியே நிறுத்தற்குறி போட்டுத் தருகிறது. ஆனால் உண்மையில் இந்தக் கதை பிறந்தது என் தொந்தியில். எப்படி என்பது போகப் போகத் தெரியும். தொந்தி எங்கேயும் ஓடிப்போய்விடாது. ‘ஓடிப்போ’ என்றுதான் நானும் பல வருடங்களாக அதனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன், அக்கா, நான். அண்ணன், யாருக்கு எது நல்லது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருப்பவர். அக்கா, வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய பழைய கார்தான் அவளுடைய கடை. பின்சீட்டு முழுக்க மாதிரித் துணிக் கட்டுகள். நான் கடைக்குட்டி, கதை எழுதுபவன், அக்காவின் காரை அடிக்கடி இரவல் வாங்குபவன். (வாங்கும்போது பெட்ரோல் இருக்கும். அதற்குமேல் கேட்காதீர்கள்.)

2.

முதல் தொடக்கம்: ‘வாழ்க்கையின் சக்கரம் அவள் கைகளில் மெல்லக் கனக்கத் தொடங்கியபோது, அவள் தன் —’

இதை அக்கா படித்தாள். நான் எழுதுவதையெல்லாம் அவள் படிப்பாள், வெட்டுத்துணிக்கு நடுவில், வாயில் குண்டூசியோடு.

“கனத்தது வாழ்க்கை இல்லடா, ஸ்டியரிங். கனத்ததக் கனத்ததுன்னு எழுதக்கூட உனக்குச் சுத்தி வரணுமா?”

இரண்டாம் தொடக்கம்: ‘தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, சிறகொடிந்த பறவைபோல அவளுடைய வலது கை —’

“பறவையா? இந்தக் கையாலதான் போன வாரம் உன் வீட்டுச் சோபாவ இழுத்துப் போட்டு ஜன்னல் அளவெடுத்தேன். நீ ஓரமா நின்னு ‘பாத்துக்கா, பாத்துக்கா’ன்னு கத்திட்டு இருந்த. அத எழுது.”

எழுதிவிட்டேன். அடுத்த தொடக்கத்துக்குப் போவோம். அதில் உவமை கிடையாது, எனக்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது.

3.

அக்கா மாடிப்படியில் விழுந்தாள். தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறிய பிறகு கையில் பலம் வந்துவிட்டது. தோளுக்கு மேலே தூக்குவதுதான் கஷ்டம். ‘தாராளமாகக் கார் ஓட்டலாம்’ என்றார் டாக்டர். ஓட்டினாள். அப்போதுதான் ஆரம்பித்தது: நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டியில் திடீரென்று மஞ்சள் விளக்கு எரியும், ஸ்டியரிங் துணி அடைத்த பீரோவைத் தள்ளுவதுபோலக் கனத்துவிடும். (இது உவமை இல்லை. அக்கா சொன்ன வாக்குமூலம்.) வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல லேசாகிவிடும்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பவர் ஸ்டியரிங் தெரியாதவர்களுக்காக. நீங்கள் எவ்வளவு முறுக்குகிறீர்கள் என்று ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். அது சொல்வதைக் கேட்டு ஒரு மின்மோட்டார் உங்களோடு சேர்ந்து தள்ளும். சென்சாரின் பேச்சு ஒரு கணம் அறுந்தாலும் மோட்டார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் பாடு. எங்கள் குடும்பமும் ஏறக்குறைய இதே அமைப்புதான், மஞ்சள் விளக்கு மட்டும் கிடையாது.]

ஒருநாள், ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் குழியில் இறங்கி வளைக்கும்போது ஸ்டியரிங் கனத்துப்போய், கேட் தூணில் மோதாமல் நூலிழையில் தப்பினாள். விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. வந்தார். காரை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“வெண்ணெய் மாதிரி போகுது. வண்டியில ஒண்ணும் இல்லம்மா. உன் கை பழைய மாதிரி இல்ல, அவ்வளவுதான்.”

“கை கனத்தா மஞ்சள் விளக்கு எதுக்குண்ணா எரியுது?”

“பழைய வண்டி. எதாவது எரியும்.”

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே காரை விலைக்கு வாங்க ஓர் ஆளையும் பிடித்துவிட்டார். ‘ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவாங்க. நீ போன்ல ஆர்டர் வாங்கு, தம்பி போய் அளவெடுக்கட்டும்’ என்றார். தம்பி என்றால் நான். என் வீட்டுக் கதவின் அகலம்கூட எனக்குத் தெரியாது.

4.

இங்கே அண்ணனை வில்லனாக்கிவிடலாம். மீசை வைத்தால் போதும். ஆனால் மனம் வரவில்லை. அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி நடைவழியில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவர் அவர். அவள் வீடு திரும்பிய அன்று, மனசு லேசாகட்டும் என்று அவள் காருக்குப் புதிதாகப் பாட்டுப் பெட்டி வாங்கி மாட்டியவரும் அவர்தான். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது? திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது.

(அந்தப் பாட்டுப் பெட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாளன் இதைச் சொல்ல மாட்டான்.)

5.

சனிக்கிழமை காலை. ‘விக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒருவாட்டி ஒர்க்‌ஷாப்’ என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். மூன்று பேரும் போனோம். அண்ணன்தான் ஓட்டினார்.

மெக்கானிக்குக்கு ‘பேட்டரி’ என்று பட்டப்பெயர். ஹாரன் அடிக்காவிட்டாலும் பேட்டரி, கதவு கிறீச்சிட்டாலும் பேட்டரி. போன தடவை அக்காவின் காருக்கும் மாற்றினார். இந்தத் தடவை கம்ப்யூட்டர் கருவியைச் செருகினார். திரையில் ஒரு பிழை எண் வந்தது.

“ஸ்டியரிங் சென்சார்னு காட்டுது மேடம். பழைய எரர்தான், இப்ப இல்ல. அழிச்சிட்டேன்.”

“எதுக்கு அழிச்சீங்க? அது சாட்சி இல்லையா?”

“இருங்க, ஓட்டிப் பாத்துச் சொல்றேன் மேடம்.”

ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய். அண்ணன் ‘நான் சொல்லல?’ என்று என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்க்காமல் இருக்க வானத்தைப் பார்த்தேன். பிறகு நானும் ஒரு சுற்று ஓட்டினேன், நடுநிலையான விசாரணைக்காக. எனக்கும் வெண்ணெய்.

“கைதான் மேடம்” என்றார் பேட்டரி, ரொம்ப மரியாதையாக. “வயசும் ஆகுதில்ல.”

இந்த இடத்தில் முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: ‘திடீரென என் மனதில் ஒரு மின்னல் வெட்டியது. நான் மெக்கானிக்கை நோக்கி —’

“பொய்” என்று பக்கவாட்டில் பென்சிலால் அக்கா எழுதியிருக்கிறாள். சரி. நடந்ததையே சொல்கிறேன்.

அக்கா எங்கள் மூன்று பேரையும், அளவெடுக்கப்போகும் ஜன்னல்களைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“மூணு பேரும் ஓட்டினீங்க. ஏறி உக்காந்ததும் முதல்ல என்ன பண்ணீங்க?”

“சாவி போட்டோம்.”

“அதுக்கு முன்னாடி.”

யாருக்கும் தெரியவில்லை.

“சீட்டப் பின்னாடி தள்ளினீங்க. கீழ இருக்கிற லீவரத் தட்டி ஸ்டியரிங்க மேல தூக்கினீங்க. மூணு பேருக்கும் வயிறு இடிக்குது. எனக்குக் கை மேல எழும்பாது, அதனால நான் கடைசி வரைக்கும் எறக்கி வெச்சு ஓட்டறேன். நான் ஓட்டற வண்டிய நீங்க யாரும் இதுவரைக்கும் ஓட்டவே இல்ல.”

ஒர்க்‌ஷாப்பில் மூன்று தொந்திகள் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டன.

6.

அக்கா ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கை அடிவரை இறக்கிவிட்டு இறங்கினாள். “இப்ப ஏறுங்க. எதையும் தொடக் கூடாது.”

பேட்டரி ஏறினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. தவணை முறையில் ஏறினார். சக்கரம் வயிற்றில் பதிந்தது.

“மேடம், கொஞ்சமே கொஞ்சம் தூக்கிக்கறேன்...”

“தூக்கினா வீட்டுக்குப் போயிடுவேன்.”

வெளியே போனார். வேகத்தடையில் ஏறி இறங்கி, முற்றத்துக்குள் வளைத்தார். வளைந்தது பாதிதான். மஞ்சள் விளக்கு எரிந்ததை வாசலில் இருந்தே பார்த்தோம், ஏனென்றால் அவர் முகம் அந்த நிறத்தில்தான் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களிடம் போய் நின்றது.

“கை எப்படி இருக்கு மாஸ்டர்?” என்றாள் அக்கா. “வயசாகுதில்ல.”

பேட்டரி சிரித்துவிட்டார், வயிற்றில் சக்கரம் இடித்ததால் பாதி. பிறகு ஆள் மாறிப்போனார். ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தார், டார்ச் கேட்டார், லீவரை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இந்தப் பாட்டுப் பெட்டிய யாரு மாட்டினது?”

அண்ணன் பழைய டயர்களை எண்ண ஆரம்பித்தார். நான்தான் சொன்னேன், நடுநிலையாக.

“புண்ணியவான், ஸ்பீக்கர் ஒயரையும் ஸ்டியரிங் சென்சார் ஒயரையும் சேத்து, மேல கம்பியோட இறுக்கிக் கட்டியிருக்காரு. மேல தூக்கினா தொளதொளன்னு இருக்கு. எறக்கினா ஒயர் வெறச்சிக்குது. ஒரு குலுக்கு குலுக்கினா கனெக்டர் பின் விட்டுப் போகுது.”

அண்ணன் பெட்டி மாட்டியது, அவள் ஸ்டியரிங்கை இறக்க ஆரம்பித்தது, இரண்டுமே அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான். நாங்கள் கையை மட்டும் கணக்கில் எடுத்தோம்.

கட்டை வெட்டினார். அகன்றுபோன பின்னை மாற்றினார். ஒயருக்குத் தாராளமாக இடம் விட்டு வேறு வழியில் கட்டினார். ஸ்டியரிங்கை அடிவரை இறக்கிவைத்து அதே வேகத்தடையில் திரும்பத் திரும்ப ஓட்டினார். விளக்கு எரியவில்லை. கடைசிவரை பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாட்டு நல்லா இருந்துச்சில்ல?” என்றார், யாரையும் பார்க்காமல்.

“ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா” என்றாள் அக்கா. உண்மையாகவே சொன்னாள்.

7.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் திரும்பும்போதும் அண்ணன்தான் ஓட்டினார், ஸ்டியரிங்கை மேலே தூக்கிக்கொண்டு. வீட்டு வாசலில் அக்கா கையை நீட்டினாள். அண்ணன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வண்டி சரியாயிடுச்சு, சந்தோஷம். ஆனா அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்மா. நாளைக்கு வருவாங்க. உன் நல்லதுக்குத்தான்.”

முடிவு அ: ‘அண்ணன் கண் கலங்க, சாவியை அவள் உள்ளங்கையில் —’ (“அவரு எப்படா கலங்கினாரு?”)

முடிவு ஆ: வாங்க வந்தவர் ஏறி உட்கார்ந்து, வயிறு இடித்து, வண்டி வேண்டாம் என்று போய்விடுகிறார். (“மானங்கெட்ட முடிவு.”)

முடிவு இ: அக்கா ஜன்னலோரம் நின்று மௌனமாகத் தெருவைப் பார்க்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இலக்கியமாகவும் இருந்தது. அக்கா படித்துவிட்டுக் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள்.

“எல்லாம் சரி. என்னைப் பாவமா நிக்க வெச்சிட்ட, அண்ணனக் கல்லாக்கிட்ட, நீ ஓரமா நின்னு அழகா எழுதற. ஒண்ணு மட்டும் எங்கயும் காணோமே.”

“என்னக்கா?”

“அடிக்கடி வண்டிய இரவல் வாங்கறியே. உன்கிட்ட இருக்கிற ரெண்டாவது சாவி.”

வாசகரே, அது இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. ஆரம்பத்திலிருந்தே கிடக்கிறது. காகிதம் பறக்காமலிருக்க அதைத்தான் வைத்திருந்தேன். நானும் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கதையை என் வயிற்றுக்குத் தோதாகத் தூக்கிவைத்துக்கொண்டேன்போலிருக்கிறது.

ஆகவே, சனிக்கிழமை இரவில் அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதும் நான், சாவியோடு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. அண்ணனும், காலையில் வண்டி வாங்க வருபவருக்காக இங்கேயே தங்கி, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தாண்டித்தான் அக்காவின் அறைக்குப் போக வேண்டும். அவர் நிமிர்ந்து பார்ப்பார், ‘கையில என்னடா?’ என்பார், அப்போது நான் —

தெரியவில்லை. இதற்குமேல் நீங்கள் ஓட்டுங்கள். சீட்டு முன்னால்தான் இருக்கிறது, சக்கரம் அடிவரை இறங்கியிருக்கிறது, வயிறு இடிக்கும். இடிக்கட்டும். அந்த லீவரை மட்டும் தொடாதீர்கள்.