தூசி பறக்காத ரம்பம்

குமாரவேல் அண்ணன் என்னிடம் முதன்முதலாகத் தூசியைப் பற்றிப் பேசிய அன்று நான் யாரோ ஒருவர் வீட்டுப் பூஜை மண்டபத்துக்குத் திருவாசி அறுத்துக்கொண்டிருந்தேன். சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கிற அலங்காரம், முழுக்க வளைவு வேலை. கையால் அறுத்தால் தோள்பட்டை கழன்றுபோகும் என்றுதான் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கரண்ட் ரம்பம் வாங்கி வைத்திருந்தேன். ஜிக்சா என்பார்கள். நெளிவாகக் கோடு போட்டால் நெளிந்தே அறுக்கும்.

"மயிலு, பாவு மேல எல்லாம் மரத்தூளு வந்து குந்திக்கினு இருக்குதுபா. பட்டுல ஒட்டுனா எப்படிப் போவும்? இத்த நிறுத்த முடியலன்னா நீ வேற எடந்தான் பாத்துக்கணும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அவர் வீட்டின் பின்பக்கம்தான் என் குடித்தனமும் பட்டறையும். நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் ஓட்டுக் கூரையைத் தொடாது, மேலே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் அவருடைய தறியும், அதில் பாவாக நீளமாக இழுத்துக் கட்டிய பட்டிழையும். இந்தப் பக்கம் நானும் என் மரங்களும். பதினைந்து வருஷமாக இப்படித்தான். நெசவுத் தெருவில் தச்சனுக்கு இடம் கொடுக்க வேறு ஆள் கிடையாது, எனக்கு அது நன்றாகத் தெரியும். இந்த இடம் போனால் ஊருக்கு வெளியே எங்காவது கொட்டகை போட வேண்டியதுதான். வேலை கொடுப்பவர்கள் அங்கே தேடிக்கொண்டு வருவார்களா?

சரி, தூசிதானே பிரச்சனை, தூசி போடாத ரம்பமாக வாங்கிவிடலாம் என்று மெட்ராசுக்குப் பஸ் ஏறினேன். அவ்வளவு சுலபம் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

பிராட்வேயில் ஒரு கடை. கடைக்காரர் மூன்று ரம்பத்தை எடுத்து வைத்தார். முதலாவதில் பிளேடுக்குப் பக்கத்தில் ஊதுகிற காற்றாடி இருந்தது.

"இதுல தூசியே நிக்காது சார். கோடு பளிச்சுனு தெரியும்."

"நிக்காம எங்க போவும்?"

"முன்னாடி போயிடும்."

"முன்னாடி எங்க?"

அவர் யோசித்தார். "அது நீங்க எந்தப் பக்கம் பாத்து அறுக்கிறீங்களோ அந்தப் பக்கம் சார்."

நான் பார்த்து அறுக்கிற பக்கத்தில்தான் குமாரவேல் அண்ணனின் சுவர் இருந்தது. அடுத்ததைக் காட்டச் சொன்னேன். அதில் ஊதுவதை நிறுத்திக்கொள்ளலாம், பிளேடைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி. தூசி வெளியே வராது, நிஜம்தான். ஆனால் மூடிக்குள்ளேயே அப்பிக்கொண்டு கோட்டை மறைத்தது. கோடு தெரியாமல் திருவாசி அறுத்தால் அது திருவாசியாக இருக்காது. மூன்றாவதில் மூடியோடு பின்பக்கம் ஒரு குழாயும் இருந்தது. அதைத் தூசி இழுக்கிற மெஷினில் மாட்ட வேண்டுமாம். அந்த மெஷின் தனி.

ஊதுவது நல்லதா, மூடுவது நல்லதா, இழுப்பது நல்லதா? கேட்கக் கேட்கக் குழப்பம்தான் அதிகமானது. மூன்றையும் தூசிக்கு நல்லது என்றே கடைக்காரர் சொன்னார். யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வாலாஜாபாத் வரும்வரை பஸ்ஸில் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பட்டு அவருடையது, அவரையே கேட்டுவிடலாம் என்று சாயங்காலம் போய் மூன்று ரம்பத்தையும் விவரமாகச் சொன்னேன். அவர் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். மகிழ்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். முகம் சுருங்கியது.

"உனக்கு எதுக்குபா வீண் செலவு? மரம்னா தூளு வரத்தான் செய்யும்."

"இல்லண்ணே, அந்தக் கொழாய் வெச்சது—"

"சத்தம் வேற இருக்குதே" என்றார்.

சத்தமா? பதினைந்து வருஷமாக நான் உளியும் சுத்தியலும் தட்டிய சத்தத்தில் தாளம் தப்பாமல் நெய்தவர் அவர். இன்றைக்கு என்ன சத்தம் வந்துவிட்டது? கோபத்தோடு திரும்பி வந்தால், பின்னாலேயே அவர் மனைவி கலாவதி அண்ணி ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொடுத்துவிட்டுப் போனார். திட்டும் அங்கிருந்தே வருகிறது, அதிரசமும் அங்கிருந்தே வருகிறது. எனக்குத் தலை சுற்றியது.

"அண்ணி என்னப் பாத்தாலே தலய குனிஞ்சிக்கிறாங்க. நாம எதனா தப்பு பண்ணிட்டமா?" என்று என் மனைவி ரேணுகாம்பாள் கேட்டாள்.

"தூசிடி. எல்லாம் தூசி."

வீம்பு வந்துவிட்டது. ஒரு துகள்கூடப் போடாமல் அறுத்துக் காட்டுகிறேன், அப்புறம் என்ன சொல்வார் பார்க்கலாம் என்று மறுபடியும் மெட்ராஸ் போனேன். குழாய் வைத்த ரம்பத்தை வாங்கினேன். தூசி இழுக்கிற மெஷின், துணிப்பை வைத்தது, மூர் மார்க்கெட்டில் பழசாகக் கிடைத்தது. வீட்டில் வைத்து அறுத்துப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. மேலே வருகிற தூளைத்தான் குழாய் இழுக்கிறது. பிளேடு பலகைக்குக் கீழேயும் நீட்டிக்கொண்டு இருப்பதால் பாதித் தூள் அடியில் கொட்டுகிறது. கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. ரேணுகாவின் பழைய புடவையைக் கேட்டு வாங்கி மேஜைக்கு அடியில் பை மாதிரி தொங்கவிட்டேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

காலையில் குமாரவேல் அண்ணனைக் கூப்பிட்டேன். சுவரோரமாக ஒரு வெள்ளை வேட்டியை விரித்தேன். தேக்குப் பலகையில் பெரிய வளைவு ஒன்றை, ஆரம்பம் முதல் கடைசிவரை அறுத்தேன். நிறுத்தினேன்.

"பாருங்கண்ணே."

அவர் குனிந்து வேட்டியை விரலால் தடவினார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் வேறு இடத்தில் தடவினார். வேட்டி சலவையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

"ஒண்ணுமே இல்லியேபா" என்றார். சொல்லிவிட்டு அங்கிருந்த மரக்கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். கைகள் மடியில் கிடந்தன. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் ஏன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"இன்னாண்ணே, ஒடம்பு எதனா சரியில்லியா?"

"இளங்கோவனுக்குத் தை மாசம் கல்யாணம்" என்றார். இளங்கோவன் அவருடைய ஒரே பையன். "பொண்ணும் நெய்யறவ. ரெண்டு பேரும் குந்தி நெய்ய தறி போடணும். எடம் எங்க இருக்குது? இதான் இருக்குது." என் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். "கலாவதி ஆஸ்பத்திரில கெடந்தப்ப உம் பொண்டாட்டிதான எம் புள்ளைக்குச் சோறு போட்டா. உன்ன எந்த வாயால போன்னு சொல்லுவேன்? நீயா போனா தேவலன்னு இருந்தேன். நீ இன்னாடான்னா தூசியே இல்லாத பண்ணிட்டு நிக்கற."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை பஸ், எத்தனை கடை, ஊதுவதா இழுப்பதா என்று எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்களால் இனி என்னைப் போகச் சொல்ல முடியாது, நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் பேசாமல் எழுந்து போயிருப்பார். பையனும் மருமகளும் எங்கோ வாடகைக்குப் போயிருப்பார்கள். எங்களைப் போகச் சொல்ல அவருக்குக் கடைசிவரை வாய் வந்திருக்காது.

அவர் தலை குனிந்து அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இழுக்கிற மெஷினின் துணிப்பையைக் கழற்றினேன். வேட்டியின் நடுவில் அப்படியே கவிழ்த்தேன். தேக்குத் தூள் குவியலாகக் கொட்டிப் புகை மாதிரி எழும்பியது. அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"பாருங்கண்ணே, எவ்ளோ தூசி" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. என்னையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சற்று உரக்கவே பேசினார்.

"இன்னா மயிலு இது. இவ்ளோ தூசி போட்டா நான் எப்படித் தறில குந்தறது?"

"தப்புதாண்ணே. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"எப்போ?"

"தை பொறக்கறதுக்குள்ள."

அவர் தலையாட்டினார். ரேணுகா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், அந்தத் தூளை அவரே கூட்டி அள்ளினார்.