மூன்றாவது போங்கோ

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தபோது சார்ஜன்ட் ஆளனுப்பிக் கூப்பிட்டபடி எலிஹியோ லெஸ்காய் காவல்சாவடிக்கு வந்து சேர்ந்தான். விடாத மழை. வாசலில் அவனுடைய தம்பி மனைவி எதெல்மிரா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள்.

"உயிரோட இருக்காரான்னு மட்டும் கேளுங்க அத்தான். வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

தம்பி ஒனேலியோவை வியாழன் இரவு ஒரு மேளக் கூத்தின் நடுவில் காவலர்கள் பிடித்தார்கள். மலையில் கிளர்ச்சிக்காரர்கள் இருந்தார்கள். மேளச்சத்தம் அவர்களுக்குச் சேதி கொண்டுபோகிறது என்று சொல்லி இரவுக் கூட்டங்களுக்குத் தடை போட்டிருந்தார்கள். ஆளையும் மேளத்தையும் சேர்த்தே தூக்கிப் போனார்கள். மறுநாள் கேட்டதற்கு, காலையிலேயே விட்டுவிட்டோம் என்றார்கள். அப்படி விடப்பட்ட ஆட்கள் காப்பித் தோட்டத்து ஓடைகளில் கிடைப்பது வழக்கம்.

சார்ஜன்ட் பெர்முதெஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மடியில் எருதுத்தோல் சவுக்கு. மேசைமேல் மூன்று போங்கோக்கள், ஒவ்வொன்றும் இரண்டாகச் சேர்த்துக் கட்டிய கைமேளம். சுவரோரம் காவலன் ருஃபினோ தோளில் துப்பாக்கியோடு வெட்டரிவாளை ஊன்றி நின்றான்.

"வாடா லெஸ்காய். இந்த மலையில உன் கைக்கு மிஞ்சின கை இல்லையாமே. எங்க கேப்டனுக்குப் பொறந்தநாள் வருது. மனுசனுக்கு போங்கோன்னா உசுரு. இதுல எது உசத்தின்னு பாத்துச் சொல்லு."

"என் தம்பி, ஐயா..."

"வெள்ளிக்கிழமையே அனுப்பியாச்சு. எவ வீட்ல குடிச்சுட்டுக் கெடக்கானோ. மொதல்ல மேளம். அப்புறம் தம்பி."

"தம்பிக்கும் மேளத்துக்கும் ஒரே விலைதான் ஐயா," என்றான் ருஃபினோ. சார்ஜன்ட் சிரித்தார்.

மூன்று மேளங்களுக்கும் சொந்தக்காரர்கள் யாரென்று எலிஹியோவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. மூன்றாவது ஒனேலியோவுடையது. முகத்தை மாற்றாமல் முக்காலியில் உட்கார்ந்து முதலாவதை எடுத்து முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினான். சபினோ என்ற மாட்டுக்காரனுடைய மேளம். ரம் பீப்பாய்ப் பலகைகளை ஒட்டிச் செய்தது. இடப்பக்கம் சின்னது, ஆண். வலப்பக்கம் பெரியது, பெண். இரண்டையும் தட்டிப் பார்த்தான்.

"நல்ல மேளம் ஐயா."

இரண்டாவது, கரி சுடும் பெர்னபேயுடையது. அதையும் தட்டினான்.

"இதுவும் நல்ல மேளம்தான்."

சவுக்கு வந்தது தெரியவில்லை. இடது கை விரல்களின் மேல் விழுந்தது. மோதிர விரலின் தோல் எலும்புவரை பிளந்து, ரத்தம் மேளத்தின்மேல் சொட்டியது.

"எல்லாமே நல்லதுன்னா உன்ன எதுக்குடா கூப்புட்டேன்? விருந்துக்கா? ஒண்ணொண்ணா சொல்லு. சத்தம் எப்படி, வச்சு வாசிக்க எப்படி, எத்தன காலம் தாங்கும். பொய் சொன்னா அடுத்தது வலது கை."

எலிஹியோ விரலைச் சட்டைக்குள் அமுக்கினான்.

"மொதலாவது உழைக்காது ஐயா. பலக ஒட்டினது. இந்த ஈரத்துல இடுக்கு விட்டுடுச்சு, பாருங்க, நகம் நுழையுது. நடுவுல ரெண்டையும் சேக்குற கட்டை சரியா சீவல. வாசிச்சா கெண்டக்கால்ல குத்தும். சத்தம் இப்போ செத்துக் கெடக்கு. ஆணி அடிச்ச தோல் மழையில தொய்ஞ்சிரும். ஒரு சுருட்டு பிடிக்கிற நேரம் தாங்காது. மறுபடி தீயில காய்ச்சணும்."

"இப்பத்தான் வாய் திறக்குது."

சார்ஜன்ட் கண்ணைக் காட்டினார். ருஃபினோ அந்த மேளத்தைத் தரையில் போட்டு வெட்டினான். முதல் வெட்டில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகப் போயின. அதற்குப் பிறகும் வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு பலகைத் துண்டு தெறித்து எலிஹியோவின் கன்னத்தில் கீறியது.

"தோத்ததெல்லாம் அடுப்புக்கு," என்றார் சார்ஜன்ட். "மேல சொல்லு."

பதினேழு வயதிலிருந்து சபினோ வாசித்த மேளம் அது. இனி வாயைத் திறந்தால் பெர்னபேயுடையதும் போகும். திறக்காவிட்டால் வலது கை.

"இது ஒரே மரம் ஐயா. குடைஞ்சு எடுத்தது. உங்க காலத்துக்கும் இருக்கும், உங்க பிள்ளைங்க காலத்துக்கும் இருக்கும். விளிம்ப நல்லா உருட்டியிருக்கான், கையக் கடிக்காது. கனம்தான். ஒரு ராத்திரி இடுக்கி வாசிச்சா தொடை மரத்துப்போகும். சத்தம் இப்போ சொல்ல முடியாது, தோல் ஈரம்."

"மூணாவது?"

ஒனேலியோவின் மேளத்தை எடுத்து இடுக்கினான். முழங்கால் அதன் இடுப்பைத் தானாகக் கண்டுகொண்டது. வலது விரலால் ஆணைத் தட்டினான்.

கணீரென்று வந்தது.

கை அப்படியே நின்றது. பெண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தான். தோல் விறைப்பாக இருந்தது. லேசான சூடும் இருந்தது. மேளத்தைச் சரித்து, திறந்த அடிப்பக்கத்துக்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியில் கரி. ஈரம் படாத புதுக்கரி.

மற்றவர்கள் தோலைத்தான் தீக்குக் காட்டுவார்கள். ஒனேலியோ மட்டும் மேளத்தைக் கவிழ்த்து, சோளத்தோகையைக் கொளுத்தி அடிவழியாக உள்ளே காட்டுவான். கட்டை கருகிவிடும் என்று அண்ணன் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறான். தம்பி கேட்டதில்லை.

இன்று காலை, இந்தச் சாவடிக்குள், ஒனேலியோ உயிரோடு இருந்திருக்கிறான். வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவன் தன் மேளத்தைத்தான் உசத்தி என்று சொல்லியிருப்பான். அதனால்தான் இன்னொரு வாய் தேவைப்பட்டிருக்கிறது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"நல்லா காய்ஞ்சிருக்கு ஐயா. யார் காய்ச்சினது?"

சார்ஜன்ட் ருஃபினோவைப் பார்த்தார். "இவன்தான்."

"ஆமா. நான்தான்," என்றான் ருஃபினோ.

"கைகாரரா இருக்கீங்களே. அப்போ பெர்னபேயோடதையும் கொஞ்சம் காய்ச்சிக் குடுங்க. ஒண்ணு காய்ஞ்சு ஒண்ணு நனைஞ்சு இருந்தா எப்படிச் சொல்றது? நாளைக்குக் கேப்டன் கேட்டா ஐயா பேருதான் கெடும்."

சார்ஜன்ட் சவுக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "காய்ச்சுடா."

ருஃபினோ அரிவாளைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வந்தான். மேளத்தைத் தொடையில் நிமிர்த்தி வைத்து, பெண்ணின் தோல்மேல் கொள்ளியை நேராகப் பிடித்தான். நகர்த்தவில்லை. ஈரம் புகைந்து, மயிர் கருகும் நாற்றம் எழுந்தது.

"சுத்திக் காட்டணுமா?" என்று கேட்டான், எலிஹியோவைப் பார்த்து.

"உங்களுக்குத் தெரியாததா?"

தோல் வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் மாதிரியே இருந்தது. சார்ஜன்ட் எழுந்து உறையில் கை வைத்துவிட்டார். என்ன நடந்ததென்று புரிந்ததும் சவுக்கை ஓங்கி ருஃபினோவின் முகத்தில் இறக்கினார். இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. கொள்ளி தரையில் உருண்டது.

"கழுத! ஒரு தோலக் காய்ச்சத் துப்பில்ல!"

"கடலோரத்துக்காரன் ஐயா நான், எனக்கு எங்க இதெல்லாம்..."

"வாய மூடு."

வெளியே வாசலில் எதெல்மிரா ஏதோ கத்தினாள். வெடிச்சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். யாரோ அவளை அதட்டும் குரல் வந்தது.

"சரி. மூணாவதுதான்," என்றார் சார்ஜன்ட். மூச்சு வாங்கியது. "வச்சுட்டுக் கெளம்பு."

எலிஹியோ எழுந்திருக்கவில்லை. நடுவிரலை எச்சிலில் நனைத்தான். தம்பி இருந்தால் பின்கட்டில்தான் இருப்பான். அந்தக் கதவைப் பார்த்தபடி பெண்ணின் தோல்மேல் அழுத்தி இழுத்தான். மேளம் உறுமியது. நீளமான, தாழ்ந்த உறுமல். மறுபடி இழுத்தான். பிறகு பிளந்த விரலையும் சேர்த்து இரண்டு கையாலும் அடித்தான். ரத்தம் தோலில் பரவிச் சத்தம் மங்கியபோது இன்னும் பலமாக அடித்தான்.

"நிறுத்துடா!"

சார்ஜன்ட் முக்காலியை எட்டி உதைத்தார். எலிஹியோ மேளத்தோடு விழுந்தான். சவுக்கு முதுகில் விழுந்தது, கழுத்தில் விழுந்தது, காதோரம் விழுந்தது. மேளத்தை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தான். ருஃபினோ துப்பாக்கிக் கட்டையால் விலாவில் இடித்தான். ஏதோ ஒன்று உள்ளே உடைந்தது. இடது கை தரையில் விரிந்து கிடந்தது. சார்ஜன்ட் அதன்மேல் பூட்ஸ் காலை வைத்து முழு உடம்பையும் அமர்த்தித் திருகினார்.

எலிஹியோ அலறினான். அலறல் முடிந்ததும் காதைக் கொடுத்துக் கேட்டான். பின்கட்டில் கூரைத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இருந்தது.

"போறியா, இல்ல உன்னையும் வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டதா சொல்லவா?"

எலிஹியோ வலது முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். கரி படிந்த விரலை சார்ஜன்டின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ருஃபினோவுக்குக் காய்ச்சத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. சூடு இன்னும் ஆறல. இதக் காய்ச்சினவன் எங்க, சார்ஜன்ட்?"