ஐந்தாவது ஆள் நோன்பு

வானத்துக்கும் பூமிக்கும், குறிப்பாக எம். புதுப்பட்டி வட்டாரத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: பட்டாசுக் கம்பெனி போர்மேனும் பங்குப் பேரவைச் செயலாளருமாகிய சூசைமாணிக்கம், இந்தத் தவக்காலத்தின் நாற்பது நாளும் கோபத்தை விட்டுவிட்டார்.

அறிவித்தவரும் அவரேதான். சாம்பல் புதன் பூசை முடிந்ததும் கோயில் முகப்பில் ஒரு கரும்பலகை ஏறியது. யார் யார் எதை விடுகிறார்கள் என்று ஊரறிய அதில் எழுத வேண்டுமாம்.

"தவத்தை மறைவாச் செய்யணும்னு இப்பத்தானே வாசிச்சோம்" என்று பங்குச் சாமியார் மெல்ல இழுத்தார்.

"மறைவாச் செஞ்சா நாங்க எப்படி சாமி செக் பண்றது?" என்றார் செயலாளர்.

பலகை நிறைந்தது. கறி, மீன், டிவி சீரியல். ஒரு பெரிய மனிதர் மதுவை விட்டார். டாக்டர் அதைத் தை மாதமே விடச் சொல்லியிருந்தார். கடைசியாகச் செல்லக்கனி சாக்பீஸை வாங்கி எழுதினாள்: 'அஞ்சாவது ஆளா உட்காருறதை விடுதேன்.'

செல்லக்கனி அதே கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறவள். ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்பது விதி. நாலு பக்கமும் நாலு வாசல். பொறி விழுந்தால் ஆளுக்கொரு வாசலாக ஓடிவிடலாம். ஆர்டர் நெருக்கினால் சூசைமாணிக்கம் ஐந்தாவதாக ஒருத்தியை நடுவில் உட்கார்த்துவார். நடுவில் இருப்பவளுக்கு வாசல் கிடையாது. மூன்று வருஷமாக அந்த இடம் செல்லக்கனிக்கு. சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் அவள் வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும்.

வியாழக்கிழமை காலை, எந்த அதிகாரியும் வராமலே, வேப்பமரத்தடியில் நின்றாள்.

"ஏ செல்லக்கனி, உள்ள போ. சாயந்தரம் லோடு ஏத்தணும்."

"விட்டுட்டேன் அண்ணாச்சி. பலகையில இருக்குல்லா."

"கறிய விடலாம். வேலைய யாராச்சும் விடுவாகளா?"

"வேலைய யாரு விட்டா? ஒரு வாசலக் குடுங்க, இப்பமே செலுத்துதேன்."

சூசைமாணிக்கத்தின் கழுத்து நரம்பு எழுந்தது. உள்ளேயிருந்து ராமுத்தாய் எட்டிப் பார்த்தாள். மாரியம்மனைத் தவிர வேறு யாருக்கும் விரதம் இருந்தறியாதவள்.

"அண்ணாச்சிக்குக் கோவம் வருதோ?"

"வரல."

"மூஞ்சி செவந்திருக்கே."

"வெயிலு."

மணி எட்டுகூட ஆகவில்லை.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு செல்லக்கனி பக்கம் திரும்பினார். "அன்பாவே சொல்லுதேன். நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்னா என்ன செய்வ?"

"வருவேன். இங்கனயே நிப்பேன். ஏன் நிக்கேன்னு கேக்குற அதிகாரிக்கும் அன்பாவே சொல்லுவேன்."

சூசைமாணிக்கம் மற்ற அறைகளுக்குப் போய் ஆள் கேட்டார். நடுவில் உட்கார ஒருத்தியும் எழவில்லை. திரும்பி வந்து ராமுத்தாயை நடுவுக்கு மாறச் சொன்னார்.

"நானும் செல்லக்கனி நோன்புதான் அண்ணாச்சி."

"நீ எப்பளா எங்க வேதத்துல சேர்ந்த?"

"நோன்புல மட்டுந்தானே சேர்ந்தேன். எங்க ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா. அவ பலகையில எல்லாம் எழுதுறதில்ல."

பத்து மணிக்கு முதலாளி சீனிவாசகம் போன் செய்தார். ஆள் குறைகிறது என்று சூசைமாணிக்கம் இழுத்ததும், "அப்ப நீரு உட்காரும்" என்று வைத்துவிட்டார்.

செயலாளர் போனை வெளியே வைத்துவிட்டு நடுவில் சம்மணம் போட்டார். முன்னே ஒரு பெண், பின்னே ஒரு பெண், இரு பக்கமும் இரண்டு பெண்கள். ஒவ்வொரு வாசலையும் கண்ணால் அளந்தார். நான்கும் தூரமாக இருந்தன.

"அஞ்சாம ஒக்காருங்க அண்ணாச்சி. மூணு வருசமா ஒண்ணும் ஆகலன்னு நீங்கதானே சொல்லுவீக" என்றாள் செல்லக்கனி, மரத்தடியிலிருந்து.

நாலாவது பூச்சட்டியைச் செலுத்தியதும் அவர் எழுந்து வெளியே வந்தார். லாரியை மறுநாள் வரச் சொன்னார். பூட்டிக் கிடந்த அடுத்த அறையைத் திறந்து, செல்லக்கனியை வாசலோரம் உட்காரச் சொன்னார்.

அந்த அறையில் மூன்று வருஷமாக, அவர் மத்தியானம் தூங்கும் கட்டில் கிடந்தது.