சிவப்பு அட்டை, நீல அட்டை

“நீயே வாயத் தொறந்து கேட்டுடேன். இன்னும் எத்தனை ஞாயித்துக்கெழமை அவரோட ஆர்மோனியத்தத் தொடச்சு வச்சுட்டு வந்து நிப்பே?” என்று போன புதன்கிழமை அண்ணி கேட்டாள்.

“நானா போய்க் கேக்கறதாவது! முடியாது அண்ணி.”

“சரி விடு. அவரு புதுப் பொண்டாட்டியோட வந்து நிப்பாரு. அந்தம்மாவுக்கும் ஒரு பாட்டுப் புத்தகம் தச்சுக் குடு.”

அந்தப் பேச்சு நான்கு நாளாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது. அவள் அச்சகத்தில் புத்தகம் தைப்பவள். அவர் பேருந்துப் பணிமனையில் எழுத்தர். ஞாயிறுதோறும் ஆலயப் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார். ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா’ என்ற ஒரே கேள்வி இரண்டு வருடமாக அவள் தொண்டையில் குடியிருந்தது. இப்போது அவருக்குப் பதவி உயர்வோடு வெளியூருக்கு மாற்றல் வந்திருந்தது. சம்மதக் கடிதத்தைத் திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு ஞாயிறுதான்.

அன்றைக்குத்தான் புதுப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நாள். பெரிய வகுப்புக்குச் சிவப்பு அட்டைப் பாட்டுப் புத்தகம். அண்ணி நடத்தும் சின்ன வகுப்புக்கு நீல அட்டைக் கதைப் புத்தகம். நாற்பதையும் அவளே மடித்து, அடுக்கி, தைத்திருந்தாள்.

வாத்தியார் சுருதி கூட்டினார். பெரியவர்கள் முதல் சரணத்தை உரக்கப் பாடி, பதினாறாம் பக்கத்தைப் புரட்டினார்கள். பாட்டு அறுந்துபோனது.

“சார்! பாட்டுக்கு நடுவுல ஒட்டகம் வந்துடுச்சு!”

“எனக்கும் ஒட்டகம்!”

கூடத்தின் மறுகோடியில், சின்ன வகுப்பிலிருந்து ஒரு குட்டிப் பெண் எழுந்தாள். “டீச்சர், என் ஒட்டகத்தக் காணோம். பாட்டுதான் இருக்கு.”

தைத்தவள் ஓடிப்போய் ஒரு நீலப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். அச்சக மேசையில் இரண்டு புத்தகங்களின் மடிப்புகளும், அதாவது மடித்த தாள்கட்டுகளும், அருகருகேதான் இருந்தன. மனசை எங்கோ விட்டுவிட்டு, நடு மடிப்பை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துக் கோத்திருக்கிறாள். பாட்டின் நடுப்பகுதி கதைக்குள்ளே. கதையின் நடுப்பகுதி பாட்டுக்குள்ளே. ஒன்றல்ல, நாற்பதும்!

“நல்லாத்தான் தச்சிருக்கே போ,” என்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெரியவர்களில் ஒருவன் நீலப் புத்தகத்துக்குக் கை நீட்டினான். “ஏய் பொடிசு, குடு.”

குட்டிப் பெண் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். “மொதல்ல ஒட்டகத்துக்கு என்ன ஆச்சுன்னு படிச்சுக் காட்டு. அப்பறம் பாட்டு தரேன்.”

“பேரம் பேசறா பாரு!” என்றாலும், அவன் அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவ்வளவுதான். கூடமே கலைந்தது. ஒரு நாளும் சேர்ந்து உட்காராத இரண்டு வகுப்பும் ஒரு சிவப்புக்கு ஒரு நீலமாக ஜோடி சேர்ந்தன. இந்தப் பக்கம் ஒட்டகம் ஆற்றைக் கடந்தது, அந்தப் பக்கம் இரண்டாம் சரணம் ஏறியது. எழுத்துக்கூட்டத் தெரியாத பொடிசுகள்கூடப் பெரியவர்களின் விரலைப் பிடித்து வரிக்கு வரி இழுத்துக்கொண்டு பாடின.

வாத்தியாரிடமும் சிவப்புதான் இருந்தது. “இங்க வாங்க, எனக்கும் ரெண்டாவது சரணம் வேணும்,” என்று கூப்பிட்டார். அவள் நீலப் புத்தகத்தைப் பிடித்தபடி ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்றாள்.

பாட்டு முடிந்ததும் கைதட்டலும் கூச்சலும் கூரையை முட்டின.

“மன்னிச்சுக்குங்க. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி தச்சுத் தரேன்.”

“எதுக்கு? இந்தப் பசங்க இப்படிப் பாடி நான் கேட்டதே இல்லியே!” அவர் முகம் மலர்ந்திருந்தது. மெல்ல அது வாடியது. “அடுத்த வாரம் யாரு வாசிப்பாங்களோ… நாளைக்குக் கடிதம் குடுக்கணும்.”

“குடுக்காதீங்க,” என்றாள் அவள்.

“என்ன சொன்னீங்க? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

“கடிதம் குடுக்காதீங்க, இங்கயே இருங்க! என்னக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”